போர்நிறுத்தம் பார்க்கப் போகிற மகள்

அஜக்ஸ் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்: "மகள் வெளிநாட்டுக்குப் போறா தம்பி, போர்நிறுத்தம் கண்காணிக்க."

"நல்லது அன்ரி. எங்கட ஊருக்கும் உப்பிடிக் கண்காணிக்க ஆக்கள் வந்தவை. எங்கட வீட்டில ஷெல் விழுந்த அண்டைக்கு, எங்கயிருந்து வந்ததெண்டு கேட்டவை. அப்பா மேலயிருந்து எண்டார்."

"பிறகு?"

"போர்நிறுத்தம் இன்னும் இருக்கெண்டு சொல்லி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போச்சினம்."

அம்மா சிரிக்கவில்லை. "சண்டை தொடங்கினா பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

"பயப்படாதேங்கோ. ஊரை விட்டு முதல் வெளிக்கிடுறது அவையள்தான். போகாதேங்கோ எண்டு நாங்கள் றோட்டை மறிச்சு நிண்டனாங்கள். நல்ல பண்பான ஆக்கள் அன்ரி, கை காட்டிப்போட்டுத்தான் போனவை."