கில்பின் கொண்டுபோன மசோதா

எழுதுங்க தம்பி, தாராளமா எழுதுங்க. செத்தவனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை போடத்தானே பத்திரிகைக்காரங்க இருக்கீங்க. அம்ப்ரோஸ் கில்பின், கெண்டக்கியிலேயே பெரிய வக்கீலு, நாலு தடவை சட்டசபை மெம்பரு. ஆமா, எனக்கு வயித்தெரிச்சல்தான். இல்லேன்னா நம்பவா போறீங்க?

ரெண்டு பேரும் ஒரே ஜட்ஜு ஆபீஸ்லதான் சட்டம் படிச்சோம். நான் படிச்சேன், அவன் தூங்கினான். அப்புறம் கோர்ட்டு ஊர் ஊராப் போகும்ல, நாங்களும் குதிரையில பின்னாடியே போவோம். சத்திரத்துல ரெண்டு பேருக்கும் ஒரே கட்டில். படுத்துக்கிட்டு நான் சொன்ன பாயிண்டை, மறுநாள் ஜூரி முன்னாடி கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டே பேசுவான். பாவி, அழகாத்தான் பேசுவான். பேரு அவனுக்கு, அவன்கிட்டேர்ந்து ஒட்டின ஜலதோஷம் எனக்கு.

எலெக்‌ஷன்ல நின்னான். சோளச் சாராயத்தை வாளி வாளியா ஊத்தி ஜெயிச்சான். ஆனா ஒரு மசோதா எழுதத் தெரியாதுங்க அவனுக்கு. ஆத்துப் பாலம், மாவு மில்லு, வண்டிப்பாதை, எல்லாம் நான் எழுதினது. அவன் சட்டசபை இருக்கிற ஃபிராங்க்ஃபோர்ட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பேர்ல நிறைவேத்திடுவான்.

ஏன் எழுதிக் குடுத்தேனா? நான் எழுதினது சட்டமாகுதேங்கிற அல்ப ஆசைதான், வேறென்ன.

எது ஒசத்தியா? ஒரு விவாகரத்து மசோதா இருக்கு. அப்பல்லாம் ஒரு பொம்பளை புருஷன்கிட்டேர்ந்து விடுபடணும்னா சட்டசபை அவளுக்குன்னே தனிச் சட்டம் போடணும். யாரோ ஒருத்தி அம்மா வீட்டுல வந்து கிடக்கிறா, வெளிய தெரிஞ்சா அசிங்கம், பேரு வர்ற இடத்தைக் காலியா விடுன்னான். புருஷன் வீடு தங்கமாட்டான், குடி, வாரக்கணக்கா அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டான்னு விவரம் சொன்னான். எனக்கு மனசு கொதிச்சிடுச்சு. இவனெல்லாம் ஒரு மனுஷனான்னு வரிக்கு வரி கிழிச்சிட்டேன். சபையில ஒருத்தர்கூட எதிர்த்து ஓட்டுப் போடலையாம்.

சட்டம் அச்சாகி வந்தப்பதான் பேரைப் பார்த்தேன். காலியா விட்ட இடத்துல என் சம்சாரம் ட்ரூசில்லா பேரு, கீழ புருஷன்னு என் பேரு.

இப்ப துக்கம் கேட்டுட்டு வந்தீங்கல்ல, கில்பின் சம்சாரம், கறுப்பு உடுத்தி உக்காந்திருந்தாளே, அவதான். அடுத்த வசந்தத்துலயே கட்டிக்கிட்டான்.

அந்த மசோதாவை முதல்ல போடுங்க. நான் எழுதினதுல ஒரு வரிகூடப் பொய்யில்ல. எழுதுறப்ப, அது நான்தான்னு எனக்குத் தோணவே இல்ல தம்பி.