கூப்பிட்டால்தான் உள்ளே

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னாளபட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த வெளிறிய மனிதர், பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாளிடம் சொன்னார்:

"முன்ன நான் ரத்தக்காட்டேரியா இருந்தேன்மா. இப்ப வெறும் மனுசன்."

"ஆத்தாடி! இப்ப என்ன சாப்புடுறீக?"

"ரெண்டு இட்லி. பல்லு ஆடுது. ஆனா யாராச்சும் 'வாங்க'ன்னு கூப்புடாம, இன்னமும் ஒரு வாசப்படியத் தாண்ட முடியல."

"அப்ப வாடகை வீடு?"

"வீட்டுக்காரரு சாவியக் குடுத்தாரு, 'வாங்க'ன்னு சொல்லலையே. பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கேன்."

அம்மாள் சிரித்தார். ஸ்டாப் வந்ததும், இறங்குகிற எல்லோரும் சொல்வதுபோல, "வாரேண்ணே, ஒருநா நம்ம வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

வெளிறிய மனிதர் பதறி எழுந்து ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எந்த வீடும்மா?"

பஸ் கிளம்பிவிட்டது.

எழுதியது, புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை.