பெரியவருக்கு மறதி

தையல்காரிக்கு அரை அங்குலம் பெரிய விஷயம். தோளில் அரை அங்குலம் பிசகினால் சட்டை உறுத்தும், ஆனால் எங்கே பிசகு என்று போட்டிருப்பவருக்குச் சொல்லத் தெரியாது. முப்பது வருடமாகத் தைக்கிறேன். எந்த வேலையைத் தொட்டாலும் ஒழுங்காக முடிப்பேன். இதையும் அப்படித்தான் முடித்தேன்.

வீட்டில் நானும் அக்காவும் அவளுடைய பூனையும்தான். அக்கா பள்ளிக்கூட டீச்சர். பூனைக்குப் பதினேழு வயது. அது நடக்கிற தோரணையைப் பார்த்துப் ‘பெரியவர்’ என்று பெயர் வைத்ததே நான்தான். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கோபமெல்லாம் கணக்கு வாத்தியார்மேல். அக்காவோடு வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், மாற்றலாகி வேறு ஊருக்குப் போனவர். போனவர் போன இடத்தில் இருக்காமல், ஐம்பத்தைந்து வயது அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். பெரியவரையும் தூக்கிக்கொண்டு அங்கே போகப்போவதாக அக்கா ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள், உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. என்னை என்ன செய்வதாக உத்தேசம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பயணத்துக்கு முன்னால் பூனையை டாக்டரிடம் காட்டினோம். கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்றார். மீசையாலும் மோப்பத்தாலும் வழி கண்டுபிடிக்கிறதாம். நாற்காலிக் காலில் கன்னத்தை உரசி வைக்கிற வாசனைதான் அதற்கு அடையாளமாம்.

“எதையும் இடம் மாத்தாதீங்க. இந்த வயசுல மறதி நோய் வந்துட்டா, வீடு மாத்தவே கூடாது” என்றார். வந்தால் எப்படி இருக்கும் என்று நான் கேட்டேன். சுவரைப் பார்த்து நிற்கும், காரணமில்லாமல் கத்தும், கண்ட இடத்தில் மூத்திரம் போகும், சொந்த மனிதர்களையே தெரியாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாளிலிருந்து அதன் மணல் தட்டைத் தினமும் அரை அங்குலம் நகர்த்தினேன். தண்ணீர்க் கிண்ணத்தையும்தான். அக்கா பள்ளிக்குப் போனதும், அது உரசி வைத்த மூலைகளையெல்லாம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன். மூன்றாவது வாரம் பெரியவர் கூடத்துச் சுவரைப் பார்த்து நின்று கத்தியது. தட்டுக்குப் பக்கத்தில் ஈரம் செய்தது. அக்கா அழுதுகொண்டே தரையைத் துடைத்தாள். நான் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பயணம் தள்ளிப்போனது.

வாத்தியார் விடுகிற ஆளாக இல்லை. இந்தக் கூடத்தைப் போலவே அங்கே ஓர் அறையை அமைத்துவிடுகிறேன், அளவு அனுப்பு என்றார். அக்கா என்னையே அளவெடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அவள் வீட்டில் வழக்கமாகப் போடுகிற ஸ்வெட்டரை முதன்முதலாகப் போட்டுக்கொண்டேன். அவள் கைக்குப் பூசுகிற கிரீமையும் பூசிக்கொண்டு, பெரியவரை மடியில் வைத்து, அவள் வழக்கமாக வருடுகிற காதோரத்தில் நகம் பதியக் கிள்ளினேன். முதல் நாள் அது ஓடக்கூட இல்லை. பத்து நாள் பிடித்தது. பிறகு ஒரு சாயங்காலம் அக்கா குனிந்து கூப்பிட்டபோது சீறி, மணிக்கட்டைக் கீறிவிட்டது.

“என்னையே தெரியலடி அதுக்கு” என்றாள். அதன் கஷ்டத்தைப் பார்க்க முடியவில்லை, வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்றும் அவளேதான் சொன்னாள். அவ்வளவு தூரம் நான் நினைக்கவில்லை.

டாக்டரிடம் பெரியவரை நான் கொண்டுபோனேன், அவள் பள்ளியிலிருந்து நேராக வந்தாள். ஸ்வெட்டர் இல்லை, கையை அங்கிருந்த சோப்பால் கழுவியிருந்தாள். மேசையில் கிடந்த பெரியவர் எழுந்து, தடவித் தடவி வந்து, அவள் உள்ளங்கையில் தலையை வைத்துக்கொண்டது. தொண்டையில், கொஞ்சும்போது வருகிற அந்தக் ‘குர்ர்’ சத்தம்கூடக் கேட்டது. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“இவங்களை நல்லாத் தெரியுதே” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவும் பெரியவரும் போய்விடுவார்கள்.

“கடைசி நேரத்துல இப்படித் தெளியும்க்கா. இதை நம்பி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் மறுபடியும் வதைக்கப் போறியா?” என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருடம் வளர்த்ததையே தன் கையால் அனுப்பியாயிற்று, இனி என்ன கல்யாணம் என்று வாத்தியாரிடமும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

போன வாரம் துவைக்க எடுத்தபோது ஸ்வெட்டரைப் பார்த்தாள் போலிருக்கிறது. அதன் கையெல்லாம் நகம் பட்டு நூல் பிரிந்திருந்தது, கிரீமில் ரோமம் ஒட்டியிருந்தது; அவளை அது கீறியதோ ஒரே ஒரு தடவை. மடித்து என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அதிலிருந்துதான் அக்காவிடம் மாற்றம். நான் சமைத்ததைத் தொடுவதில்லை. அறையைப் பூட்டிக்கொள்கிறாள். நேற்றுத் தோளைத் தொட்டேன், விலகிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். வாத்தியாருக்குப் போன் செய்து வந்து கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள்; தானே வேண்டாமென்று சொன்னது நினைவில்லை போல. வயதாகிறது, பாவம். நாளைக்கு ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். பேச வேண்டியதையெல்லாம் நானே பேசிக்கொள்வேன். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்.