வெளியாட்கள் கவனத்துக்கு

…தூண்டின்னா என்னா, வெடிகுண்டா? நீங்களே சொல்லுங்க தம்பி! ஒரு கழி, ஒரு நரம்பு, ஒரு முள்ளு, அதுல ஒரு மண்புழு. அவ்ளோதானே? அதப் போயி அந்த கார்டு பொண்ணு ரெண்டு கையாலயும் ஏந்திக்கினு வந்து, இந்த ஃபாரஸ்ட் ஆபீஸ் மூலையில சாத்தி வெச்சிருக்கு பாருங்க, என்னமோ சந்தனக்கட்ட கடத்தனவங்கிட்டேர்ந்து புடிச்சாப்பல! அதுவும் ஒங்க தூண்டியயும் என் தூண்டியயும் ஒண்ணா சேத்து சணல்ல கட்டி… யம்மா, நரம்பு சிக்கிக்கும், தனித்தனியா வைம்மான்னு தலபாடா அடிச்சிகினேன். காதுலயே வாங்கல.

நல்லா சாஞ்சி உக்காருங்க தம்பி. இப்ப என்னா அவசரம்? ரேஞ்சர் வர நேரமாவும். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு மயிலு கெணத்துல வுழுந்துடுச்சாம், ஜீப்பு அங்க போயிருக்காம். ஞாயித்துக்கெழமயும் அதுவுமா மயிலுக்கு வேற வேல இல்ல பாருங்க. அவரு வந்துதான் பேரு, ஊரு, ஆதாரு நம்பரு எல்லாம் பெரிய நோட்டுல எழுதுவாராம். இப்போதைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் பேரே இல்ல. வெறும் ரெண்டு தூண்டி, ரெண்டு ஆளு.

ஒண்ணு யோசிச்சீங்களா? ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா ஒரு ஞாயித்துக்கெழம தப்பாம அந்த பம்ப் ஏரிக் கரையில நீங்க அந்தாண்ட, நான் இந்தாண்ட. நடுவுல இருவதடி இருந்தா அதிகம். ஒரு வார்த்த பேசியிருப்போமா? மழ வருமா, மீனு கடிக்குதா… ம்ஹூம். பேசினா மீனு ஓடிப்போயிடும்னு வெச்சிக்கலாம். ஆனா அது மட்டும் இல்ல. எனக்கு ஒங்க மேல கொஞ்சம்… சரி வுடுங்க, அது இப்ப எதுக்கு.

நான் கேக்கறது என்னான்னா, அது யாரு ஏரி? சாமி வெட்டிச்சா, ராசா வெட்டினாரா? நெலக்கரி மைன்ஸ் தண்ணிய எறச்சி எறச்சி வுட்டு அதுவா ரொம்பின பள்ளம்! முப்பத்தஞ்சு வருஷம் நான் கன்வேயர்ல நின்னவன். ஃபோர்மேனா ரிட்டயர்டு ஆனேன், பர்மனென்ட்டு. அந்தத் தண்ணி வர்ற பம்ப்ப மொத மொத சுச்சு போட்டப்ப பக்கத்துல நின்னு கை தட்னவங்கள்ல நானும் ஒருத்தன். இப்ப என்னாடான்னா பறவைங்க வந்துடுச்சாம். கொக்கு வருதாம், நாரை வருதாம். கூழைக்கடான்னு ஒண்ணு வருது பாத்தீங்களா, தாடையில பைய தொங்க வுட்டுகினு, ரேஷன் கடைக்கு வந்தாப்பல? அது ஒரு வாயிக்கு எவ்ளோ மீனு முழுங்குது! நான் எண்ணியிருக்கேன். அது மேல கேசு உண்டா? நாம நாலு ஜிலேபிக் கெண்ட எடுத்தா மட்டும் கேசு!

அந்தப் பொண்ணு இருக்கே, எழில்மதின்னு நெஞ்சுல பேரு குத்திகினு… வந்து ஒரு மாசம் ஆவல. மரியாதையான பொண்ணு, அத நான் இல்லன்னு சொல்லல. "ஐயா வணக்கம், கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா, நீங்க உக்காந்திருக்கற எடத்துக்குப் பக்கத்துல முட்ட இருக்கு"ன்னு சொல்லிச்சு. நானும் பதறிப்போயி எழுந்தேன். எழுந்ததும் தூண்டிய எடுத்துக்கிச்சு! என்னா ட்ரெயினிங் குடுக்கறாங்க பாருங்க. நான் யாரு தெரியுமாம்மா, கம்பெனி ஆளுன்னேன். "சர்வீஸ்ல இருக்கீங்களா, ரிட்டயர்டாங்க ஐயா?"ன்னு கேட்டுச்சு. அவ்ளோ மெதுவா, அவ்ளோ தன்மையா கேட்டுச்சு.

ரிட்டயர்டுதான். நாலு வருஷம் ஆச்சு. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு மந்தாரக்குப்பத்துல வூடு கட்டிகினு போயிட்டேன். வூடுன்னு பேருதான். எங்கூட்டுக்காரி கண்ணகி இருக்கா பாருங்க, அவ எனக்கு மூணு ஷிஃப்ட் போட்டு வெச்சிருக்கா. காலையில பாலு, கறிகா, கரெண்ட் ஆபீஸு. மத்தியானம் மொளகா காய வெக்கறது, மாடியில கொரங்கு வெரட்டறது. சாயங்காலம் அவளுக்கு சீரியலு ஓடறப்ப நான் வாயத் தொறக்காம இருக்கணும், அது ஒரு ஷிஃப்டு. சும்மா சொல்லக்கூடாது, கான்ட்ராக்ட் ஆளுக்குக் கூட வாரத்துல ஒரு நாளு… நீங்க கான்ட்ராக்ட்டா? அய்யய்யோ, கோச்சிக்காதீங்க தம்பி, வாயில வந்துடுச்சு. என்னா சொல்ல வந்தேன்னா, எனக்குன்னு இருக்கறது அந்த ஞாயித்துக்கெழம நாலு மணி நேரந்தான். தக்கை தண்ணியில ஆடிகினு இருக்கும், நான் பாத்துகினு இருப்பேன். மீனு மாட்னாலும் சரி, மாட்டலன்னாலும் சரி. அந்த நாலு மணி நேரம் இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும், நெசமாத்தான் சொல்றேன்.

ஏன் தம்பி கைய பெசஞ்சிகினே இருக்கீங்க? தூக்குலயா போடப்போறாங்க? எச்சரிக்கை பண்ணி நோட்டுல பேரு எழுதிகினு வுட்டுடுவாங்க. பேரு எழுதறதுதான் பயமா? ஏன்?

…செவ்வாக்கெழமயா?

மைன்ஸுக்குள்ள போற கேட் பாஸு புதுப்பிக்கணுமா… போலீஸ் வெரிஃபிகேஷனா? ம். எந்த நோட்டுல பேரு ஏறினாலும் கான்ட்ராக்டரு "நீ வாணாம்பா, வேற ஆளு பாத்துக்கறேன்"னுடுவாரா? ஒரு தூண்டிக்கா! போன வருஷம் ஒருத்தர அப்பிடித்தான் நிறுத்தினாங்களா… எத்தினி வருஷமா போறீங்க? பதினோரு வருஷமா கான்ட்ராக்ட்லயே இருக்கீங்க. புள்ளைங்க? பெரியவ பன்னண்டாவதா. நல்லா படிக்குதா? சந்தோஷம், சந்தோஷம்.

இந்த ஃபேனு சுத்துதா இல்லியா? காத்தே வல்ல.

அது ஒண்ணும் ஆவாதுங்க. ரேஞ்சர் நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு. மயில எறங்கித் தூக்கறவரு… சரி, ஊரு எது ஒங்களுக்கு? வளையமாதேவிப் பக்கமா? இல்லியா. இங்கியேவா? இங்கின்னா? பம்ப் ஏரி இருக்கற எடத்துலயா! அந்த எடத்துல எங்கங்க ஊரு இருந்திச்சு? ஓ… ஊரு இல்ல, தோப்பு. ஒங்க அப்பா முந்திரித்தோப்பு. அப்பறம் எடம் எடுத்தாங்க, தோண்டினாங்க, தண்ணி வந்துடுச்சு. அதான் நீங்க எப்பவும் அந்தப் பைப்பு வாய்கிட்டயே உக்காருவீங்களா? அங்கதான் ஒங்க களம் இருந்திச்சா…

அடச்சே.

இல்ல தம்பி, தண்ணி வாணாம். நீங்க குடிங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்பறம் நீங்க என்னய நாலு வார்த்த திட்டினாலும் சரி, வாங்கிக்கறேன்.

எனக்கு மனு எழுதற பழக்கம் உண்டு. ரிட்டயர்டு ஆனவனுக்கு வேற என்னா இருக்கு? தெருவெளக்கு எரியலியா, மனு. பஸ்ஸு குள்ளஞ்சாவடியில நிக்காம போயிட்டானா, மனு. திங்கக்கெழம ஆனா கடலூரு கலெக்டராபீஸுல குறைதீர் கூட்டம் நடக்கும் பாருங்க, அங்க டோக்கன் குடுக்கறவனுக்கு என் மூஞ்சி மனப்பாடம். அப்பிடி நான் எழுதின மனுவுலதான் தம்பி இந்த போர்டு வந்திச்சு. ஆமா. "மீன் பிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது"ன்னு பச்ச கலர்ல நிக்குதே, அது என் வேல. பத்து பாயிண்டு எழுதினேன். வலை போடக்கூடாது, வண்டி கழுவக்கூடாது, சீட்டாடக்கூடாது. நாப்பது கொக்க நாலாயிரம் அரிய பறவைன்னு எழுதினேன். தூண்டில் போடக்கூடாதுன்னும் நான்தான் எழுதினேன்.

ஏன்னா கேக்கறீங்க? நானே தூண்டிக்காரன், நானே எதுக்கு எழுதினேன்?

அந்தப் பைப்பு வாயி என் எடம் தம்பி. நீங்க வர்றதுக்கு மின்னாடி நான் உக்காந்த எடம். அங்கதான் தண்ணி வெதுவெதுன்னு வரும், மீனுங்க மொய்க்கும். ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாத்தா நீங்க உக்காந்துகினு இருக்கீங்க. சரி, இன்னிக்கி மட்டும்னு வுட்டேன். அடுத்த வாரமும் நீங்கதான். அப்பறம் ஒரு நாளு கையளவு விராலு எடுத்தீங்க பாருங்க… எனக்கு அன்னிக்கி சோறு எறங்கல. வூட்டுக்குப் போனதும் பேப்பர எடுத்துட்டேன். "வெளியாட்கள் வந்து தூண்டில் போடுவதைத் தடை செய்து"ன்னு எழுதினேன். வெளியாட்கள்! அது நீங்கதான் தம்பி. வேற யாரும் இல்ல. ஒங்களுக்குன்னே எழுதினது.

நான் கம்பெனி ஆளு, எனக்கு அது பொருந்தாதுன்னு நெனச்சிகினேன். ரிட்டயர்டு ஆன மறுநாளே நானும் கேட்டுக்கு வெளியதான் நிக்கறேன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. ஆபீஸருங்க வந்து பாத்துட்டு அந்த ஒரு வார்த்தய மட்டும் அடிச்சிட்டு, "எவரும்"னு போட்டுட்டாங்க. நானு அதப் படிக்கக் கூட இல்ல. போன வாரம் அந்த போர்டு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து எங்க ரிட்டயர்டு குரூப்புல போட்டேன், "நமது முயற்சிக்கு வெற்றி"ன்னு. நாப்பத்தாறு பேரு கை தட்னாங்க. இன்னிக்கி மொத ஆளா நானே மாட்டிகினு உக்காந்திருக்கேன். கூட ஒங்களயும் இழுத்துட்டேன்.

திட்டுங்க தம்பி.

சரி, திட்டறத அப்பறமா வெச்சிக்கங்க. நான் சொல்றதக் கேளுங்க, வெரசா. ஒங்க சைக்கிளு அந்த நாத்துப்பைங்க அடுக்கி வெச்சிருக்கற எடத்துக்குப் பின்னாலதானே இருக்கு? அந்தப் பக்கம் ஒரு படல்தான், பூட்டு இல்ல, நான் வர்றப்பவே பாத்தேன். எழுந்திரிங்க. தூண்டிய வுடுங்க, நான் வேற மூங்கி வெட்டித் தரேன். செவ்வாக்கெழம பாஸு வாங்கற வழியப் பாருங்க… பேரா? வாணாம், வாணாம், சொல்லாதீங்க! ரெண்டு வருஷமா கேக்கல, இப்ப எதுக்கு? எனக்குத் தெரியலன்னா பொய்யி சொல்ல வேண்டியதில்ல பாருங்க. பெரியவள நல்லா படிக்க சொல்லுங்க. போங்க, போங்க. ஜீப்பு சத்தம் கேக்குது.

…ஆங், என்னாம்மா எழில்மதி, ஐயா வந்துட்டாரா? மயிலு நல்லா இருக்கா? அது போதும்.

அந்த ஆளா? எந்த ஆளு? ஓ, அவரா. அவரு சும்மா வேடிக்க பாத்துகினு இருந்தவரும்மா. அவரு கையிலயா தூண்டி இருந்திச்சு, கரையில குத்தி வெச்சிருந்ததத்தானே நீ எடுத்த? பாவம், ஆபீஸு வரைக்கும் தொணைக்கு வந்தாரு. பேரு சத்தியமா தெரியாது, அது மட்டும் நெசம். தூண்டியா? ரெண்டும் என்னுதுதான். ஆமா, ரெண்டும். மூங்கி ஒண்ணு, கடையில வாங்கினது ஒண்ணு. வயசாயிடுச்சில்ல, ஒண்ணுல கடிக்கலன்னா இன்னொண்ணுல கடிக்கும்னு வெச்சிருந்தேன். சைக்கிளு சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. கன்வேயர் பக்கத்துல நின்ன காதும்மா இது.

என்னா? ஒரே ஆளு ரெண்டு தூண்டி போட்டா…? ஒரு வருஷம் கரையிலயே கால வெக்கக் கூடாதா! எந்த மகராசன் எழுதினான் அத? எங்க, காட்டு… என் மனுவா இது… கண்ணாடிய எங்க வெச்சேன்… "ஒன்பது. ஒரே நபர் ஒன்றுக்கு மேற்பட்ட தூண்டில்…" ம். ஆமாம்மா. கையெழுத்து என்னுதுதான். அவரு என்னிக்காவது ரெண்டு தூண்டி எடுத்தாந்தா மாட்டட்டும்னு… ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, நானா பேசிகினேன். நீ சிரிக்காதம்மா. சிரிக்கல? பின்ன வாயில ஏன் கைய வெச்சிகினு இருக்க?

ஒண்ணுதான்னா? ஒரு தூண்டிதான்னு சொன்னா வெறும் எச்சரிக்கதானா… அதோட போயிடலாமா. அப்ப இன்னொண்ணு அந்த ஆளுதுன்னு எழுதி, அவரத் தேடுவீங்களா… அடுத்த மாசத்துலேர்ந்து வடக்குக் கரையில ஞாயித்துக்கெழம மட்டும் பர்மிட்டு போட்டு வுடப் போறாங்களா! அப்பிடியா… பர்மிட்டு எனக்கும் குடுப்பீங்களா? யோசிச்சு சொல்லுங்கங்கறியா. நல்ல பொண்ணும்மா நீ.

அம்பத்திரண்டு ஞாயித்துக்கெழம. வூட்டுல உக்காந்துகினு நான் என்னம்மா பண்ணுவேன்? எங்கூட்டுக்காரி நாலாவது ஷிஃப்டு போட்டுடுவா…

இல்லம்மா. யோசிச்சிட்டேன். ரெண்டும் என்னுதுதான், எழுதிக்க.