சின்னவன் வருவானா?

ஃபேரர் பார்க் நிலையத்தில் ரயில் ஏறிய அக்காவும் தம்பியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். தங்கள் அப்பாவின் கருமாதிக்கு வாங்கிய பூவும் பழமும் அவர்கள் மடியில் இருந்தன.

“நான் ஒரு பொய் சொல்லியிருக்கணும்டா,” என்றார் அக்கா. “காலேஜ்ல தத்துவம் சொல்லிக் கொடுக்கிறேன். என்ன ஆனாலும் பொய் சொல்லக் கூடாதுன்னு ஒரு ஜெர்மன்காரர் சொன்னதை வருஷா வருஷம் நடத்துறேன். ஆஸ்பத்திரியில அப்பா, ‘சின்னவன் வருவானா?’ன்னு கேட்டப்ப, ‘வரமாட்டான்பா’ன்னு உண்மையைச் சொல்லிட்டேன். அப்புறம் அவர் கதவுப் பக்கமே திரும்பல.”

தம்பி தலை குனிந்தார். “லீவு இல்லன்னு உன்கிட்ட சொல்லிட்டேனே தவிர, மனசு கேக்கலக்கா. அப்ப நான் மெல்பர்ன் ஏர்போர்ட்ல இருந்தேன். வந்து சேர்றதுக்குள்ள அவர் போயிட்டார்.”

“அப்ப நான் சொன்னது உண்மைகூட இல்ல.”

ரயில் இரண்டு நிலையங்களைத் தாண்டியது.

“பொய்யே தேவைப்பட்டிருக்காதுடா,” என்றார் அக்கா. “நம்புறது வேற, தெரிஞ்சிருக்கிறது வேறன்னு அதே கிளாஸ்லதான் சொல்றேன். ‘தெரியலப்பா’ன்னு சொல்லியிருந்தா, கடைசிவரைக்கும் அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பார்.”