பார்டர் போட்ட படகு

...இன்ஜின் நிக்கல சார், மூச்சு வாங்குது அது. நீங்க எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. படகு ஆடும். ஆடலியா? அதான் சொல்றேன், ஆடாது. அவ்ளோ கெட்டியா செஞ்சிருக்குது. யூனியன் ஆபீஸ்ல ஓவர்சீரா இருக்கீங்க, எத்தினி பரிசல பாத்திருப்பீங்க, ஒண்ணாவது இப்பிடி பாலாத்து நடுவுல, தரையில கட்டில் போட்ட மாரி நிக்குமா?

இன்னாங்க, கயித்த அப்பிடி வெடுக்குனு இழுக்காதீங்க. பதமா இழுங்க. பட்டு சிக்கெடுக்கற மாரி.

எங்கூட்டுக்காரரு சார். காஞ்சிபுரத்துல இவரு காச்சற அரக்கு சாயம் எவனுக்கும் வராது, அதுல ஒரு கொற சொல்ல முடியாது. அத்தோட நிப்பாட்டிக்கலாம் இல்ல? மெட்ராஸுக்கு சாயப்பொடி வாங்கப் போன மனுசன், லாரியில வைக்கோலப் போட்டு மூடிக்கினு ஒரு படகோட வராரு. சாயப்பொடி எங்கங்கன்னா, அடுத்த வாட்டி வாங்கிக்கலாம்மாங்கறாரு. தெருவே கூடிடுச்சி. இன்னா அம்சவேணி, உங்கூட்டுக்காரரு மீன் பிடிக்கப் போறாரான்னு கேக்கறாங்க. பிள்ளையார்பாளையத்துல எந்த வூட்டு வாசல்ல சார் மீனு?

துரைங்க வெச்சிருந்த படகாம். துரைசானிங்க சாயங்காலம் காத்து வாங்கப் போவாங்களாம் இதுல. அவங்க ஊருக்குப் போயிட்டாங்க, இது ஏலத்துக்கு வந்திடுச்சி. உள்ள இருந்த பெரிய இன்ஜின எவனோ கழட்டிக்கினு போயிட்டான். இப்ப நீங்க காலு வெச்சிக்கினு இருக்கீங்களே, அந்தப் பள்ளம்தான் இன்ஜின் இருந்த எடம். பக்கத்து வூட்டு பொன்னியம்மாவோட கோழி அதுல அட காத்து குஞ்சே பொரிச்சிடுச்சி. அதுங்களக் கெளப்பறதுக்குள்ள எனக்கு பிராணன் போச்சி. ராசியான பள்ளம் சார், தைரியமா காலு வைங்க.

இந்த ரெண்டு இன்ஜினும் மூர் மார்க்கெட்ல வாங்கினது. படகுக்கு உள்ள இல்லாம, பின்னாடி வெளியில தொங்கவுடற இன்ஜினு. ஒண்ணு ஓடும், இன்னொண்ணு தொணைக்கு. இல்ல சார், தொணைக்கு இருக்கறது எப்பவுமே ஓடாது. ஆனா மாட்டணும்னா பின்பலக கெட்டியா இருக்கணும் இல்ல? அது இத்துப்போயி, வெரல வெச்சா உள்ள போவுது. தச்சன் அப்பாதுரை வந்து பாத்துட்டு, இதுக்கு பலக வேணாம், பாடை தான் வேணும்னுட்டுப் போயிட்டான். அப்புறம் இவரே எங்க மாமனாரு தறியில, நெஞ்ச பொடவையச் சுத்துமே, படமரம், அத்த அறுத்து வெச்சி அடிச்சாரு. அடியில பழைய இன்ஜின் கம்பி வெளிய போன ஓட்ட ஒண்ணு. அத்த நான் அடச்சேன். அறுந்த பட்டு நூல குங்கிலியத்துல தோச்சி, கட்டக் கட்டயா திணிச்சேன். ஒரு சொட்டு தண்ணி உள்ள வந்துதா பாருங்க. பட்டு மேல காலு வெச்சிக்கினு உக்காந்திருக்கீங்க சார், கலெக்டருக்குக் கெடைக்குமா இது?

கைய வெளிய வுடாதீங்க சார். ஆழம்.

அதுவா? அது கொக்கு. கொக்கு தண்ணியில தான சார் நிக்கும். இந்தப் பக்கத்துக் கொக்குங்களுக்குக் காலு ரொம்ப நீளம்.

இன்ஜின சோதிச்சமே ஒரு நாளு, அத்த சொன்னா சிரிப்பீங்க. அத்த தண்ணியில முக்கி வெச்சி தான் ஓட்டணுமாம், இல்லன்னா சூடாயிடுமாம். தெருவுல தண்ணிக்கு எங்க போவறது? நாங்க பட்டு அலசற தொட்டியில எறக்குனாரு. காலையில தான் அதுல அரக்கு அலசியிருந்தேன். தண்ணிய மாத்திட்டு வுடுங்கன்னு சொன்னேன் சார், சத்தியமா சொன்னேன். கயித்த இழுத்தாரு. அது எடுத்துது பாருங்க ஓட்டம்... அய்யோ. எதிர் வூட்டு சொவுரு, பொன்னியம்மா காயப்போட்ட வடாம், தெருவுல பாவு நூல நீட்டிக்கினு இருந்த முனிசாமியோட வெள்ள வேட்டி, எல்லாம் ஒரே அரக்கு. இவரு மூக்கு நுனி மட்டும் தெரியுது, மிச்சமெல்லாம் செவப்பு. நிறுத்துங்கன்னு கத்தறேன், எத்த நிறுத்தறதுன்னு தெரியலம்மான்றாரு. பெட்ரோல் தீந்து தானா தான் நின்னுது. முனிசாமி வூட்டு கன்னுக்குட்டி இன்னும் பாதி செவப்பா தான் திரியுது. சந்தைக்கு ஓட்டிக்கினு போனா, செவப்பு சிந்தி மாடான்னு கேட்டு வெலய ஏத்திக் கேக்கறானாம். அதுக்குக் கூட ஒரு நன்றி சொல்லல அந்த ஆளு.

நன்றி சொல்றது இருக்கட்டும், அந்த முனிசாமி தான் தெருக்கூட்டத்தையே கூட்டுனாரு. விடிஞ்சா தெரு நீளத்துக்கு நூல இழுத்துக் கட்டி கஞ்சி போட்டாதான் சார் தறி ஓடும். நடுத்தெருவுல படகு நின்னா எப்பிடி? நியாயம் தான். ரெண்டு மாசம் படகு மூக்குலயே பாவக் கட்டி சமாளிச்சாங்க, பாவம். இவருக்குத்தான் ரோஷம் வந்திடுச்சி. ஓவர்சீர் வந்து ஓட்டிப் பாத்து, ஆள ஏத்தலாம்னு கையெழுத்து போட்டா படகு ஆத்தோரமே நிக்கும், போடலன்னா அன்னிக்கே வெறகுக் கடைக்குப் போவும், தெருவுக்குத் திரும்பாதுன்னு சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணிட்டாரு. அந்தா பாருங்க, நாம ஏறுன கரையில, மரத்தடியில டீ குடிச்சிக்கினு ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவன்தான் வெறகுக் கடை முனிரத்தினம். பக்கத்துல சாஞ்சிக்கினு இருக்கறது கோடாலி. காலையிலயே ஜல்தியா வந்து குந்திட்டான். வரும்போதே பலகையத் தட்டித் தட்டிப் பாத்தான் சார். நான் ஓடிப்போயி குறுக்க நின்னுக்கினேன்.

நான் இன்னாத்துக்கு குறுக்க நிக்கணும்? எனக்கென்ன படகு மேல பாசமா? வந்த அன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு போனவ நானு. ஆனா சொரண்டச் சொல்லி என் கையில தான குடுத்தாரு. பழைய பெயிண்ட சொரண்டறேன் சொரண்டறேன், வெள்ளக்கி அடியில நீலம், நீலத்துக்கு அடியில பச்ச, அதுக்கும் அடியில ஒரு மாம்பழ மஞ்ச... பாத்துட்டேன் சார். அந்த மஞ்சளப் பாத்ததும் எனக்குக் கையி நிக்கல. சோறு ஆக்கறத மறந்துட்டு சொரண்டிக்கினு இருந்தேன். இவரு கப்பலுக்கு அடிப்பாங்களே, சாம்பக் கலரு, அத்த அடிக்கலாம்ன்றாரு. சாம்பலா? சாயக்காரன் வூட்டுப் படகுக்கா? நாலு நாளு பேசல நான். அஞ்சாம் நாளு அரக்கு டப்பாவும் மஞ்ச டப்பாவும் வாங்கியாந்து முத்தத்துல வெச்சிட்டு, சாப்ட உக்காந்தாரு. பட்டுப் பொடவ மாரியே உடம்பு அரக்கு, பார்டரு மாம்பழ மஞ்ச, உள்ள தாழம்பூ ரேக்கு, நடுவுல ருத்ராட்சம். ஒரே அளவு சார், இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நூலு புடிச்சி போட்டது. உள்ள உக்காந்தா தெரியாது. வெளியிலேர்ந்து பாக்கணும்.

இன்னாங்க, பெட்ரோல் நாத்தம் வருதே. வுட்டு வுட்டு இழுங்க.

தண்ணி எங்கன்னு அப்பிடி எட்டி எட்டிப் பாக்காதீங்க சார், மனசு கஷ்டமாவுது. போன வாரம் பாத்திருக்கணும் நீங்க இந்த ஆத்த. கரை தொட்டுக்கினு போச்சி. தென்ன மரமே உருண்டுக்கினு வந்துது. எதிர்க்கரை சனமெல்லாம் கூடையும் மூட்டையுமா நின்னுக்கினு, இந்தக் கரையப் பாத்து கைய கைய ஆட்டுதுங்க. அந்தத் தண்ணியில வுட்டிருந்தா இந்தப் படகு மாப்ள ஊர்கோலம் மாரி போயிருக்கும். அன்னிக்கு வந்திருந்தீங்கன்னா இந்த பேஜாரே இல்ல. ஆபீஸ் மனுசங்க, ஆத்துல தண்ணி போனப்புறம் தான் வருவீங்க.

இன்னா சார்?

ஆளு அனுப்புனீங்களா?

...ம். வந்தாரு. சைக்கிள்ல ஒரு பியூன் வந்தாரு. மழையில நனஞ்சிக்கினு. ஓவர்சீர் ஆத்தாண்ட நிக்கறாரு, படக உடனே எறக்குங்கன்னு சொன்னாரு. சொன்னாரு சார், இல்லங்கல. இவரு வூட்ல இல்ல, லாரிக்காரனப் பாக்கப் போயிருந்தாரு. நான்தான்... முந்தி போட்டுக்கினு இருந்தேன் சார். படகோட பின்பக்கம் முந்தி. ரெண்டு யாளி எதிரும் புதிருமா. மழக் காத்துல அந்த மஞ்ச காயவே இல்ல, வெரலு பட்டா இழுத்துக்கும். முந்தி முடியாத பொடவைய எங்கூர்ல யாருக்கும் விரிச்சிக் காட்ட மாட்டாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து வாசல்ல நின்னாலும் காட்ட மாட்டாங்க. அதான், திங்கக்கெழம வரச் சொல்லுங்க, தண்ணி எங்க ஓடிப்போவப் போவுதுன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். பியூனுக்கு காபி குடுத்து தான் அனுப்புனேன்.

இன்னாங்க கயித்த வுட்டுட்டு என்னியே பாக்கறீங்க? ஓவர்சீருக்கு ஜொரம்னு உங்களாண்ட சொன்னேனா? சொல்லியிருப்பேன். பெயிண்டு காயலன்னு சொன்னா காயலன்னா பரவால்லன்னு எறக்கிடுவீங்க, எனக்குத் தெரியாதா உங்கள? அந்தக் கயித்த இழுங்க மொதல்ல.

சார், செருப்ப எதுக்கு சார் கழட்டறீங்க? உக்காருங்க சார். சார், பேன்ட்ட சுருட்டாதீங்க. ஆழம் சார், நெசமாலுமே... சார், ஒரு கையெழுத்து தான சார். அந்த ஆளு கோடாலியோட எழுந்திட்டான் பாருங்க. சார்—

...முழங்காலு தண்ணி தான்.

சரி சார். எறங்கிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. போறதுக்கு முன்னாடி ஒரு தரம், ஒரே தரம் திரும்பிப் பாருங்க. உள்ள உக்காந்தா தெரியாதுன்னு சொன்னேன் இல்ல? அந்தா, அப்பிடி நாலடி தள்ளி நில்லுங்க. பாத்தீங்களா யாளிய? வாயத் தொறந்துக்கினு நிக்கறீங்களே, நல்லா இருக்குதா? இருக்குது இல்ல?

ஏங்க... ஆடுதுங்க. படகு ஆடுதுங்க. சார், நீங்க தள்ளுனீங்களா? தள்ளலியா? ஏங்க, அவரு எறங்குனதும் மணல்லேர்ந்து எழும்பிக்கிச்சிங்க. இழுங்க, இப்ப இழுங்க. இன்னொரு தரம். இன்னொரு... அப்பா, புடிச்சிக்கிச்சி. சார், ஓடுது சார். ஏறுங்க சார். ஓரமா இருங்க சார், காலுல பட்டுடும். ஏங்க, நிறுத்துங்க, சார ஏத்திக்கலாம். நிறுத்தத் தெரியலயா? இன்னுமா தெரியல? அப்ப திருப்புங்க. அதுவும் தெரியாதா? அய்யோ, எதிர்க்கரை வருதே, சனமெல்லாம் கையத் தட்டுதே... எனக்கு சிரிப்பு தாங்கல...

சார், கேக்குதா சார்? பாத்துக்கினு தான இருக்கீங்க? ஆள ஏத்தாத வரைக்கும் நல்லா ஓடுது சார். அதையாவது எழுதிக் கையெழுத்து போடுங்க.