நாலாவது மாடிக்கு ஒரு தலையணை

தங்கை: அந்தத் தலையணை மேல உட்காராதேன்னு சொன்னேன்ல!

அண்ணன்: எங்க உட்கார்ந்தேன்? சும்மா சாஞ்சிருக்கேன். புதுத் தலையணையைப் பழக்கித்தான் குடுக்கணும்.

தங்கை: அது என் பொண்ணுக்கு! ஒரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வர்றா. குடு இங்க. நட.

அண்ணன்: இது முதல் மாடிதான், தாயே. லிஃப்ட் செத்துக் கிடக்கு, வீடு நாலாவது மாடியில இருக்கு. கொஞ்சம் உட்காரு, ஒரு கதை சொல்றேன். நான் தீயணைப்புல இருந்தப்போ ஒன்பது மாடிக் கட்டடம் ஒண்ணு. மேல தீ. ஒரு குண்டு ஆளை இந்தத் தோள்ல போட்டுக்கிட்டு, விசில் அடிச்சிட்டே இறங்கினேன்...

தங்கை: ரிட்டயர் ஆனா எல்லாரும் இப்படித்தான் புளுகுவீங்களா?

அண்ணன்: மத்தவங்க புளுகுவாங்க. எனக்கு நடந்தது.

தங்கை: போதும், எழுந்திரு. அவ வர்றதுக்குள்ள நான் மேல இருக்கணும். கதவைத் திறந்து, சுவரைப் பிடிக்காம நின்னு, "வாடி"ன்னு சொல்லணும்.

அண்ணன்: சுவர் விழுந்துடுமேன்னு நீதானே அதைப் பிடிச்சுக்கற...

தங்கை: சிரிக்காதே. என் காலைப் பாத்தா அவளுக்கு என்ன தோணும்? நாளைக்குத் தனக்கும் இதுதான்னு தோணாதா? டாக்டர் சொன்னப்போ நீயும் பக்கத்துலதானே இருந்த?

அண்ணன்: இருந்தேன். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டியா அடுப்பு இருக்காம். மைட்டோகாண்ட்ரியா! பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதி சத்து போயிடுது. அது சரியா எரியலன்னா, மூளைக்கும் தசைக்கும்தான் முதல்ல பத்தாம போகும். அதுங்க ரெண்டும் தீனி அதிகம் கேக்கறதுங்க. நான் காலம் பூரா தீயை அணைச்சேன், உனக்கு எரியவே மாட்டேங்குது. நல்ல குடும்பம் போ!... ஆ, ரெண்டாவது மாடி. நில்லு நில்லு. கதையை எங்க விட்டேன்? ரெண்டு குண்டு ஆளுங்க, தோளுக்கு ஒருத்தர்...

தங்கை: கீழ சொன்னப்போ ஒருத்தர்தானே இருந்தார்?

அண்ணன்: புகையில சரியாத் தெரியல.

தங்கை: இந்த வியாதி தாய்கிட்டேர்ந்து மட்டும்தான் இறங்குமாம். உன் பையன் தப்பிச்சான். என் பொண்ணு... அதைக் கேட்டுட்டுப் போனவதான். போன் பண்ணா, "வேலை இருக்கும்மா." அவ்வளவுதான். நான் குடுத்த சீதனத்துக்கு என் மேல கோவம்.

அண்ணன்: கோவமா? அவளா? போடி.

தங்கை: முன்னெல்லாம் ரெண்டு ரெண்டு படியாத் தாவி வருவா. கைப்பிடிக் கம்பியில தாளம் போட்டுக்கிட்டே... டங் டங்னு. இப்பவும் சாயங்காலமானா கதவுகிட்ட நின்னு கேட்டுட்டிருக்கேன். யார் யாரோ ஏறிப் போறாங்க. அந்தச் சத்தம் மட்டும் வரல. ஒரே ஒரு தடவை வந்தா போதும்ணா.

அண்ணன்: வரும்... இன்னிக்கு வரும்.

தங்கை: வந்ததும் நீ உளறாதே, என்ன? மூணாவது மாடி வந்தாச்சு. இன்னும் ஒண்ணுதான். அதை எடுத்து வை... அது... கதவுல போட்டுத் திருகுவோமே...

அண்ணன்: சாவி.

தங்கை: ஆமா, சாவி. பாத்தியா, வார்த்தை நழுவுது.

அண்ணன்: நழுவட்டும். சாவியைச் சாவின்னு சொல்ல எந்த மடையனாலயும் முடியும். உட்காரு, கதையை முடிச்சிடறேன். மூணு குண்டு ஆளுங்க. முதுகுல ஒரு பீரோ. பீரோ மேல ஒரு பூனை. அந்தப் பூனை...

தங்கை: அண்ணா. மாடி ஏற ஏற உன் கதை ஏன் நீளுது?

அண்ணன்: நீ மூச்சு வாங்கறியேன்னுதான்.

தங்கை: நான் வாங்கி முடிச்சாச்சு. நீ இன்னும் எழல. தலையணையை விடு, கையைக் காட்டு... ஏன் இப்படி நடுங்குது? வலது காது சைரன் சத்தத்துல போச்சுன்னியே, சைரன் உனக்கு மட்டுமா ஊதினாங்க? இந்த வியாதியில காதும் போகும்னுதானே டாக்டர் சொன்னார்? உனக்கும் அதே அம்மாதானே? டாக்டர்கிட்ட போனியா?

அண்ணன்: ... போனேன்.

தங்கை: என்ன சொன்னார்?

அண்ணன்: புதுசா ஒண்ணும் சொல்லல. உனக்குச் சொன்னதையேதான் சொன்னார்.

தங்கை: எங்கிட்ட ஏன் சொல்லல?

அண்ணன்: சொன்னா என் தோளைப் பிடிச்சு நடப்பியா? சுவரைத்தானே தேடுவ.

தங்கை: பைத்தியம்... முதல் மாடியில எனக்குக் கால் வலிக்கவே இல்ல, தெரியுமா? உனக்காகத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணன்: அடிப்பாவி! நான் உனக்காக நீட்டி, நீ எனக்காகக் கேட்டு... ஒரு பீரோவை வேற சுமந்தேனே!

தங்கை: மெதுவாப் பேசு. மேல வளைவுல யாரோ விசும்பற மாதிரி இருக்கு... யாரது?

மகள்: நான்தாம்மா... எழுந்திருக்காதே, விழுந்துடுவ. நீங்க கடைக்குப் போயிருந்தப்பவே வந்துட்டேன். உன் மேல எனக்கு என்னம்மா கோவம்... நான் படி ஏறுறதை நீ பாத்துடுவியேன்னுதான் இத்தனை நாள் வரல. இன்னும் அரை மாடிதான் இருக்கு, கால் நகர மாட்டேங்குது. அந்தத் தலையணையை இங்க வீசு... மாமா, அந்தப் பூனைக்கு என்ன ஆச்சு? அவசரமில்ல, மெதுவாவே சொல்லுங்க.